இரட்டைமலை சீனிவாசனாரும் நிலமற்றார் உரிமையும்

உலகத்தில் தோன்றி மறையும் மாந்தர் எண்ணிறந்தோராயினும், தம் காலத்திற்குப் பின்னும் நன்றியோடு நினைக்கப்படுவோர் மிகச் சிலரேயாவர். அச்சிலருள்ளும், தமக்கென வாழாது தாழ்த்தப்பட்டுக் கிடந்த ஒரு பெருங்கூட்டத்தாரின் நாவாக நின்றோர் இன்னும் சிலரே. நம் சமூகத்தார்க்கு அவ்வாறு நாவாக நின்றவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார். அவர் திருப்பெயரை அறியாத குடும்பம் நம் சங்கத்தில் இராது. எனினும், அவர் பத்திரிகை நடத்தியதையும் வட்டமேஜை மகாநாட்டிற்குச் சென்றதையும் அறிந்த நம்மவர் பலர், நிலமற்ற உழவரின் உரிமைக்கும் அவர் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பைச் சிந்தித்தாரல்லர். அருணை மலையைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஏரும் கலப்பையுமாய் வாழ்ந்துவரும் நமக்கு அத்தொடர்பே முதன்மையாக அறியத்தக்கது என்று கருதி, அவருடைய சரித்திரத்தை அந்நோக்கோடு இங்கு எழுதத் துணிந்தோம்.

அக்கால நிலைமை

சீனிவாசனார் பிறந்த காலத்தில் நம் முன்னோர் இருந்த நிலையை முதற்கண் அறிதல் வேண்டும். 1843-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடிமை முறையை நியாயஸ்தலங்கள் ஏற்பது நின்றது. 1862 முதல் அமலுக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தால் மனிதரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றமாயிற்று. சட்டம் மாறியதேயன்றி வயல் மாறவில்லை. கலியாணத்திற்கோ இழவிற்கோ வாங்கிய சிறுகடனுக்காகத் தகப்பன் படியாளாக, அவனுக்குப் பின் மகனும் படியாளாக, ஒரே பண்ணையில் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். உழுதவன் அவன், விளைந்தது பிறர்க்கு. அவனுக்குக் கிடைத்தது அளந்து போட்ட தானியமே.

இவற்றினும் கொடியன இரண்டு இருந்தன. முதலாவது, அவன் குடிசை போட்டிருந்த மனையும் பல ஊர்களில் அவனுடையதன்று. மிராசுதாரின் சொல்லுக்கு மாறாக நடந்தால், வேலை மாத்திரமன்றி வீடும் போய்விடும். இரண்டாவது, தரிசாகக் கிடக்கும் சர்க்கார் நிலத்தைக் கேட்டுத் தர்க்காஸ்து மனுச் செய்தாலும், செங்கற்பட்டு போன்ற பிரதேசங்களில் மிராசுதாருக்கே முதற்பாத்தியம் என்ற வழக்கம் குறுக்கே நின்றது. நம்மவர் மனுச் செய்தவுடன் மிராசுதார் தாமும் கேட்பார். நிலம் அவருக்கே போகும். அவர் அதனை உழாது விட்டாலும் விடுவார். ஏனெனில் அவருக்கு வேண்டியது அத்தரிசன்று, அடங்கி நடக்கும் ஆளே. கையகலச் சொந்த நிலம் உடையவன் பண்ணைக்கு அடங்கான் என்பதை அவர் நன்கறிவார்.

பிறப்பும் கல்வியும்

இத்தகைய செங்கற்பட்டுச் சீமையிலே, மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் சீனிவாசனார் பிறந்தார். 1859-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் அவர் பிறந்த நாளாகக் கொள்ளப்படுகிறது. இரட்டைமலை என்பது அவர் தந்தையாரின் பெயர். அப்பெயரைத் தம் பெயருக்கு முன் என்றும் தாங்கியே அவர் வாழ்ந்தார்.

அவர் கோயம்புத்தூரில் கல்வி கற்றார். அக்கலாசாலையில் ஏறக்குறைய 400 மாணவர் பயின்றனர்; அவருள் பத்துப் பேரொழிய மற்றையோர் பிராமணப் பிள்ளைகளே. தம் ஊரும் உறவும் வெளிப்பட்டால் இழிவு நேருமென்று அஞ்சி, பாடசாலை மணி அடிக்கும் வரையில் வெளியே ஓரிடத்தில் தனித்திருந்து படித்து, மணி அடித்த பின்னரே உள்ளே நுழைவது அவர் வழக்கம். மாலையில் மற்ற பிள்ளைகளோடு கலந்து விளையாடாமல் விரைந்து வீடு திரும்பிவிடுவார். பிள்ளைப் பருவத்தில் மறைந்து நடக்க நேர்ந்த இத்துன்பமே, பிற்காலத்தில் எதனையும் மறைக்காது நெஞ்சு நிமிர்த்தி நிற்கும் உறுதியை அவருக்கு அளித்தது போலும்.

படிப்பு முடித்தபின் நீலகிரியில் ஆங்கில வியாபார நிலையங்களில் சுமார் பத்தாண்டுகள் கணக்கராக வேலை பார்த்தார். 1887-இல் அரங்கநாயகி அம்மையாரை மணந்தார். பண்டித அயோத்திதாசர் இவர்தம் சகோதரியை மணந்தவர். 1890-இல் சீனிவாசனார் சென்னைக்கு வந்து, நம் சமூகத்தின் பண்டை வரலாற்றையும் இன்றைய குறைகளையும் நேரில் ஆராயலானார்.

கலெக்டரின் அறிக்கை

அவர் சென்னையில் இவ்வாறு ஆராய்ந்து வந்த காலத்திலேயே, செங்கற்பட்டு ஜில்லாவில் கலெக்டராயிருந்த திரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர் நம்மவர் நிலைமையை விசாரித்து, 1891-ஆம் ஆண்டு அரசாங்கத்திற்கு ஓர் அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் மனை அவரவருக்கே உரிமையாதல் வேண்டும், தரிசு நிலம் அளித்தல் வேண்டும், பாடசாலை வைத்தல் வேண்டும், கடனுக்கு ஆளைக் கட்டும் முறை ஒழிதல் வேண்டும் என்பன அதன் சாரம். நோய் இன்னதென்று மாத்திரம் சொல்லாது, நோய் முதல் நிலமின்மையே என்று கண்டது அவ்வறிக்கையின் சிறப்பு.

ரெவினியூ போர்டாரும் அரசாங்கத்தாரும் அவர் கூறியன அனைத்தையும் ஏற்றாரல்லர். எனினும், 1892-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாளிட்ட 1010-ஆம் எண் ரெவினியூ உத்தரவின் வழியாக, நம்மவர்க்கென்று நிலங்களை ஒதுக்கும் ஏற்பாடு உண்டாயிற்று. இவையே இன்று பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் வழங்குவன. பெற்றவர் பத்தாண்டு வரையில் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கேயன்றிப் பிறர்க்குக் கைமாற்றலாகாது என்பது இவ்வகை நிலங்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. சென்னை மாகாணத்தில் இவ்வாறு அளிக்கப்பட்டவை 12 லட்சம் ஏக்கர் என்பது நில மீட்பு இயக்கத்தார் கூறிவரும் கணக்காகும்.

சபையும் பத்திரிகையும்

உத்தரவு பிறந்தது, ஆனால் அதனை எடுத்துக்காட்டி நிலத்தைக் கேட்பவர் யார்? எழுதப் படிக்க அறியாதவனுக்கு அரசாங்க கெஜட்டினால் ஆவதென்ன? மணியக்காரரும் கர்ணமும் பெரும்பாலும் நிலமுடைய வகுப்பினராயிருக்க, அவர் கையிலுள்ள கணக்கில் நம்மவன் பெயர் ஏறுவது எங்ஙனம்? சீனிவாசனார் தம் வாழ்நாளை ஒப்படைத்தது இக்கேள்விக்கேயாம். கலெக்டரின் எழுத்தாணி உத்தரவை வரையலாம். அதனை ஊரிலே உயிர்பெறச் செய்வது ஒன்றுகூடிய ஜனங்களே என்பதை அவர் உணர்ந்தார்.

1891-இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பறையன் என்னும் பெயரிலேயே பத்திரிகை வெளியிட்டார். பிறர் இழிவாக வழங்கிய பெயரையே முகப்பில் அச்சிட்டது பலருக்கு வியப்பாயிருந்தது. நம்மவருள்ளேயே அதனை விரும்பாதார் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழி கொண்டு பூர்வ தமிழர் என்னும் பெயரை முன்னிறுத்தினார். ஒருவன் தன்னை மறைத்துக்கொண்டு தன் உரிமையைக் கேட்க இயலாது என்பதே சீனிவாசனாரின் கருத்து. கலாசாலை மணிக்குக் காத்து வெளியே நின்ற மாணவர் இக்கருத்துக்கு வந்தது இயற்கையே.

நான்கு பக்கமும் இரண்டணா விலையும் உடையதாய்த் தொடங்கிய அம்மாதப் பத்திரிகை, இரண்டே நாளில் 400 பிரதிகள் விற்றது. மூன்று மாதத்தில் வாரப் பத்திரிகையாயிற்று. பின்னர்ச் சொந்த அச்சுக்கூடமும் அமைந்தது. 1896-இல் பத்திரிகையில் வெளிவந்த ஒரு கடிதம் பற்றி வழக்குத் தொடுக்கப்பட்டு 100 ரூபாய் அபராதம் விதிக்கப்பட, ஆதரவாளரே அத்தொகையைச் செலுத்தினர். கூலிக்காரர் நிறைந்த ஒரு சமூகம் தன் பத்திரிகைக்காக அக்காலத்து நூறு ரூபாய் திரட்டியதென்றால், அதன் அருமையை வாசகர் உணர்வாராக.

112 அடி நீளமுள்ள மனு

அவ்வமயம், சிவில் சர்வீஸ் பரீட்சையை இங்கிலாந்தில் நடத்துவதுபோல் இந்தியாவிலும் நடத்துதல் வேண்டுமென்று காங்கிரஸார் கேட்டனர். கேட்டதில் பொது நியாயம் உண்டு என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும், பள்ளிக்கூட வாயிலே திறவாதிருந்த நம்மவர்க்கு அதனால் விளைவது யாது? ஊரில் கணக்கெழுதுவோரும் தாலுகாவில் உத்தரவிடுவோரும் மேல்வகுப்பினராயிருக்க, ஜில்லாவை ஆள்பவரும் அவரேயாயின் முறையிட ஓரிடமும் இராதென்று சீனிவாசனார் அஞ்சினார். 1893-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் சென்னை இராயப்பேட்டை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் பெருங்கூட்டம் கூட்டினார். 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள மனு ஒன்று பார்லிமெண்டிற்கு அனுப்பப்பட்டது.

இதுபற்றி அவரைத் தேசவிரோதி என்றாரும் உளர். அவர் கருத்துச் சரியா தவறா என்பதை இன்றைய நிலையிலிருந்து எளிதில் தீர்ப்பிடலாகாது. நாம் போற்றத்தக்கது வேறொன்று. பெயரெழுதவும் உரிமையற்றிருந்த ஜனங்கள் மூவாயிரவர்க்கு மேற்பட்டோர், தம் பெயரை வரிசையாக இட்டு, ஆள்வோர் முன் விரித்தனர். கூலியாளென்றும் படியாளென்றும் கணக்கில் குறிக்கப்பட்டோர், அன்று மனுதாரர் ஆயினர்.

கடல் கடந்த வாழ்வு

1900-ஆம் ஆண்டோடு பத்திரிகை நின்றது. இங்கிலாந்து சென்று நேரில் முறையிடும் நோக்கத்தோடு புறப்பட்ட சீனிவாசனார், வழியிலே கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜாஞ்சிபாரில் தங்கி, 1904-இல் தென்னாப்பிரிக்கா சேர்ந்தார். அங்கு நேட்டாலில் நியாயஸ்தல மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அந்நாட்டுக் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தோருள் வடார்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டுச் சீமைகளிலிருந்து கப்பலேறிய நம்மவரும் மிகப் பலர். சொந்த ஊரில் காணி நிலமின்றிக் கடல் கடந்தோர், அந்நிய நாட்டு நீதிபதியின் முன் நிற்க, அவர்தம் துயர் மொழியை ஆங்கிலத்தில் எடுத்துரைக்கும் தொழில் சீனிவாசனாருக்கு வாய்த்தது. காந்தியடிகளுக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்பித்தவர் இவரே என்பது வழிவழி வழங்கும் செய்தி.

இவர் அயலில் இருந்த காலத்தில் நம் இயக்கம் உறங்கவில்லை. 1907 முதல் அயோத்திதாசப் பண்டிதர் தமிழன் பத்திரிகையை நடத்தினார். ராவ் பகதூர் எம். சி. ராஜா சட்டசபையில் நம்மவர்க்காக வாதாடினார். 1920-ஐ ஒட்டித் தொழிலாளர் கமிஷனர் என்னும் உத்தியோகம் ஏற்பட்டு, நம்மவர்க்கு மனை வாங்கித் தருதல், நிலம் ஒதுக்குதல், கிணறு வெட்டுதல், பாடசாலை அமைத்தல் ஆகியன அவ்விலாகாவின் கடமைகளாயின. திரமென்ஹீர் விதைத்த விதை முப்பதாண்டு கழித்தே இலைவிட்டதென்பதை இதனால் அறியலாம்.

சட்டசபையில்

1921-இல் தாய்நாடு திரும்பிய சீனிவாசனார், 1923-இல் சென்னைச் சட்டசபைக்கு அரசாங்கத்தாரால் நியமிக்கப்பட்டார். நியமனம் என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும். அக்காலத்தில் வோட்டுரிமை சொத்தும் வரியும் உடையார்க்கே உண்டு. நிலமில்லாதவனுக்கு வரியில்லை, வரியில்லாதவனுக்கு வோட்டில்லை, வோட்டில்லாதவனுக்கு நிலம் கேட்கச் சட்டசபையில் ஆளில்லை. இச்சக்கரத்தினுள் சிக்கிய ஜனங்களின் பிரதிநிதி, நியமனத்தினாலன்றி வேறெவ்வாற்றானும் அங்குச் செல்ல வழியில்லாதிருந்தது.

பொது வீதிகளிலும் பாதைகளிலும் எவரும் தடையின்றி நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், சர்க்கார் கட்டடங்களை எவரும் பயன்படுத்தலாம் என்று 1924-இல் சட்டசபையில் நிறைவேறி, 1925-இல் கெஜட்டில் வெளிவந்த தீர்மானம் இவர் பெயரோடு சேர்ந்து நிற்கிறது. வீதி நடைக்கும் நிலத்திற்கும் என்ன தொடர்பு என்பார்க்கு நாம் கூறுவது: வயலுக்குப் போகும் வழி அடைபட்டால் பட்டா இருந்தும் பயனில்லை; கடைத்தெருவிற்குள் நுழைய முடியாதவன் விளைந்ததை விற்பதும் இல்லை. வழி என்பது உழவனுக்கு நிலத்தின் ஒரு பகுதியேயாம்.

வட்டமேஜை மகாநாடு

1930-லும் 1931-லும் லண்டனில் கூடிய வட்டமேஜை மகாநாட்டிற்கு டாக்டர் அம்பேத்கரும் சீனிவாசனாரும் ஒடுக்கப்பட்டோர் பிரதிநிதிகளாகச் சென்றனர். இருவரும் கையொப்பமிட்டு அளித்த பாதுகாப்புத் திட்டம் நிலமற்றார் அனைவரும் அறியத்தக்கது. வயது வந்தோர் அனைவருக்கும் வோட்டு, தனித் தேர்தல் தொகுதி, உத்தியோகத்தில் இடம் ஆகியவற்றோடு, சமூக பகிஷ்காரத்தைத் தண்டனைக்குரிய குற்றமாக்குதல் வேண்டுமென்றும் அவர்கள் கேட்டனர். உரிமை கேட்டவனுக்கு வேலை கொடாமை, குத்தகை நிலத்தினின்று வெளியேற்றுதல், வழியை அடைத்தல், கடையில் சாமான் விற்க மறுத்தல் ஆகிய இவை ஆயுதமின்றிக் கொல்லும் முறைகளாகும். சட்டத்தில் எத்துணை உரிமை எழுதினாலும், ஒருவன் வயிறு பிறன் கையிலிருக்குமாயின் அவ்வுரிமை வெறுங்காகிதமே என்பதை உலகறிய எடுத்துரைத்தது அத்திட்டம்.

1932-இல் பூனா ஒப்பந்தத்திலும் சீனிவாசனார் கையொப்பமிட்டார். தனித்தொகுதி போயிற்று, அதற்கு மாறாகக் கூட்டுத்தொகுதியில் ஒதுக்கப்பட்ட இடங்கள் கிடைத்தன. மாகாணச் சட்டசபைகளில் மொத்தம் 148 இடங்களுள் சென்னைக்கு 30 இடங்கள் வந்தன. இவ்வொப்பந்தத்தின் நன்மை தீமை பற்றிய விவாதம் இன்றும் தீர்ந்தபாடில்லை; அதனை இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

அந்திய காலம்

1926-இல் ராவ் சாகிப், 1930-இல் ராவ் பகதூர், 1936-இல் திவான் பகதூர் என அரசாங்கப் பட்டங்கள் அவரை வந்தடைந்தன. 1939-இல் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். நம்மவர் சரித்திரத்தைப் பிறர் எழுதக் காத்திராது தாமே எழுதி வைத்தது அவருடைய முன்னறிவைக் காட்டும். 1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் அவர் இப்பூவுலகை நீத்தார். 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தார் அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியிட்டனர். சென்னை கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் அமைந்துள்ளது.

பின் நிகழ்ந்தவை

சீனிவாசனார் மறைந்தபின் தேசம் விடுதலை பெற்றது. நிலச் சட்டங்கள் பல வந்தன. பஞ்சமி நிலங்களோ மெல்ல மெல்ல நம்மவர் கையினின்று நழுவின. கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்தவை சில. நிபந்தனையை அறியாது கிரயம் செய்தவை சில. மிரட்டலால் விட்டுப்போனவை சில. 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பழைய கணக்கிலிருந்த நிபந்தனைக் குறிப்பு பல ஊர்களில் விடுபட்டு, அயலார் பெயரில் சாதாரணப் பட்டா ஏறியது. 1994-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள், காரணை என்னும் ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளர்ந்தோர்மீது செங்கற்பட்டில் போலீஸார் சுட, இளைஞர் இருவர் உயிர் நீத்தனர். சீனிவாசனார் பிறந்த சீமையிலேயே, அவர் பிறந்து நூற்று முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, அதே நிலத்திற்காக இரத்தம் சிந்தியது.

இத்தகைய ஏமாற்றம் நம் நாட்டிற்கே உரியதன்று. அமெரிக்காவில் 1865-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விடுதலை பெற்ற கறுப்பர் குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரையில் நிலம் ஒதுக்கி ஒரு படைத்தலைவர் உத்தரவிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே, புதிய ஜனாதிபதியின் ஆணையால் அந்நிலத்தின் பெரும்பகுதி பழைய எஜமானர்க்கே திரும்பிற்று. கொடுத்த உத்தரவைக் காத்து நிற்க வலிமையுடைய சங்கம் இல்லாதவிடத்து, உத்தரவு நிலைப்பதில்லை என்பதே இரு தேசத்தும் கண்ட உண்மை.

நாம் செய்யத்தக்கது

நம் திருவண்ணாமலை, ஆங்கிலேயர் காலத்தில் முதலில் தென்னார்க்காட்டைச் சேர்ந்த தாலுகாவாயிருந்து, பின்னர் வடார்க்காட்டோடு சேர்ந்து, 1989-இல் தனி மாவட்டமாயிற்று. செங்கம், போளூர், வந்தவாசி, செய்யாறு முதலிய பகுதிகளில் மணிலாவும் கேழ்வரகும் விளையும் புன்செய்களிடையே டி.சி. நிலமென்று பெரியோர் சுட்டும் துண்டுகள் உண்டு. அன்று கல்லும் முள்ளுமாய்க் கிடந்ததை எவரும் பொருட்படுத்தவில்லை. இன்று கிரிவலப் பாதையை ஒட்டியும் நெடுஞ்சாலைகளை ஒட்டியும் மனை விலை ஏறிவிட்டபடியால், ஒவ்வொரு துண்டின்மீதும் பலருடைய கண் விழுகிறது.

ஆகவே, சீனிவாசனாரின் படத்திற்கு மாலையிடுவதோடு நம் கடமை தீர்ந்ததாகக் கொள்ளலாகாது. ஒவ்வொரு குடும்பத்தாரும் பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய பட்டாவையும் கிஸ்து ரசீதுகளையும் எடுத்துப் பத்திரப்படுத்துக. படித்த பிள்ளைகள் தம் ஊரின் அ-பதிவேட்டையும் பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்டுப் பெற்று, சர்வே எண் சர்வே எண்ணாக ஒத்துப் பார்ப்பாராக. நிபந்தனை மீறி நடந்த கிரயம் செல்லாதென்றும், அந்நிலத்தை அரசாங்கம் மீளப் பெறலாமென்றும் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புகள் வழங்கியுள்ளமையின், ஆதாரம் உடையவர் அஞ்ச வேண்டுவதில்லை. இருக்கும் நிலத்தை அவசரத்திற்காக அயலார்க்கு எழுதிக் கொடுப்பதை அறவே தவிர்த்தல் வேண்டும். கஷ்டம் நேர்ந்தவிடத்து, நிலம் போகுமுன் சங்கத்தாரிடம் வந்து கூறுக. ஒருவர் நிலம் காக்கப் பத்துப்பேர் கைகொடுத்தல் நமக்கு அரிதன்று. நூறு ரூபாய் அபராதத்தைத் திரட்டிக் கட்டிய முன்னோரின் வழிவந்தோர் நாம்.

மேலும், நம் பெண்மக்கள் பெயரிலும் பட்டா ஏறுதல் வேண்டும். நடவும் களையும் அறுவடையும் பெரும்பாலும் அவர்கள் கையாலேயே நடக்க, கணக்கில் மாத்திரம் அவர்கள் பெயர் இல்லாதிருத்தல் நியாயமாகாது. பிறர் நமக்குச் செய்த அநீதியை நம் வீட்டுக்குள் நாமே செய்தல் தகுமோ?

எழுதப்படாத உரிமை காற்றோடு போகும். எழுதப்பட்ட உரிமையும் காவலின்றேல் கையைவிட்டுப் போகும். சீனிவாசனார் எண்பதாண்டுக்கு மேற்பட்ட தம் வாழ்வில் முதலாவதை மனுவாலும் இரண்டாவதைச் சங்கத்தாலும் காக்க முயன்றார். 112 அடி மனுவில் கையொப்பமிட்ட அம்மூவாயிரவரின் பெயர்களை நாம் இன்று அறியோம். நம் பேரர்கள் நம் பெயரைத் தம் ஊர்க் கணக்கில் கண்டு அறியுமாறு செய்தலே, அவர்க்கும் சீனிவாசனார்க்கும் நாம் செலுத்தும் கைம்மாறாகும். அப்பெரியார் புகழ் வாழ்க; நிலமற்றார் உரிமை நிலைபெறுக.